தைலமரக்காட்டுப் பம்ப் ஹவுஸ்

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படிப்பை முடித்த கையோடு, அரசுக் குடிநீர்த் துறையில் ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எனக்கு ஆணை வந்தது. என்னோடு படித்த பையன்களில் சிலருக்கும் வந்தது. அவர்களைப் புதுக்கோட்டை டவுனிலேயே போட்டுவிட்டார்கள். எனக்கு விழுந்தது அரிமளத்துக்கும் அப்பால், தைலமரக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பம்ப் ஹவுஸ். காவிரியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் அங்கே தரைக்கடியில் இருக்கும் பெரிய தொட்டியில் விழும். சம்ப்பு என்று சொல்வோம். அதிலிருந்து மோட்டார் போட்டுச் சுற்று ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றிவிட வேண்டும்.

எங்கள் வீடு கீரனூரில். மாவட்டத்தின் ஒரு கோடியில் வீடு, மறு கோடியில் வேலை. விடியும் முன் கிளம்பி, புதுக்கோட்டையில் ஒரு பஸ் மாறி, அரிமளத்தில் இன்னொரு பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து செம்மண் பாதையில் நடப்பேன். அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். நான் கிளம்பிய முதல் நாள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்.

"கூட யாரு இருப்பா அங்கிட்டு?"

"ஆப்பரேட்டர் இருப்பாரும்மா. எலெக்ட்ரீசியன் சார் இருப்பாரு."

அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆப்பரேட்டர் ஒப்பந்தத்தில் இருந்தவர், பக்கத்து ஊர்க்காரர். காலையில் பைக்கில் வந்து மோட்டாரைப் போடுவார். சத்தம் சீராக வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்பார். "பாத்துக்க பாப்பா, ஏதாச்சும்னா போன் போடு" என்று சொல்லிவிட்டுத் தன் கடலைக் கொல்லைக்குப் போய்விடுவார். எலெக்ட்ரீசியன் சாருக்கு எங்கள் பம்ப் ஹவுஸைப் போல இன்னும் பல இடங்கள். வேனில் வருவார், மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார், என்னைத் துடைக்கச் சொல்வார், கிளம்பிவிடுவார். மற்றபடி எனக்கு அவர் போனில் ஒரு குரல்தான்.

இன்னொரு குரலும் உண்டு. எங்களுக்குத் தண்ணீர் அனுப்பும் முந்தைய நிலையத்தில் இருந்த ஆள். ஒவ்வொரு நாளும் அழைத்து, "லைன் விட்டாச்சு" என்பார். நான் "சரிங்க" என்பேன். அவர் வைத்துவிடுவார். அந்த வருடம் முழுவதும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கிழவரா, என் வயதுக்காரரா என்றுகூடத் தெரியாது.

மோட்டார் ஓடும்போது என் குரல் எனக்கே கேட்காது. ஒரு நாள் வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். உதடு அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். மோட்டாரை நிறுத்திய பிறகு தைலமர இலைகளின் சலசலப்பு மட்டும் இருக்கும். மயில்கள் காம்பவுண்டுச் சுவரில் வந்து உட்காரும். ஆரம்பத்தில் அவற்றை அதிசயமாகப் போட்டோ எடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அனுப்புவதற்கு யாரும் இல்லை. கூடப் படித்த பையன்களின் வாட்ஸப் குழுவில் அவர்கள் சேர்ந்து பிரியாணி சாப்பிட்ட படங்கள் வரும். நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, சுவரிலிருந்த மின்சாரப் பேனலில் ஆம்பியர் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போவேன்.

மாலையில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசத் தொடங்கும்போது தொண்டை கரகரக்கும். "சளி புடிச்சிருக்கா?" என்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அங்கே எனக்கு இருந்த பெரிய கஷ்டம் வேறு. பம்ப் ஹவுஸில் கழிப்பறை என்று ஒன்று இருந்தது. அதில் பழைய ஸ்டார்ட்டர்களும் உடைந்த வால்வுகளும் அடைந்து கிடந்தன. கதவும் இல்லை. ஆண்கள் காட்டுக்குள் போய் வந்தார்கள். நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதுவும் முடியாமல் போன ஒரு நாளில், தார்ச்சாலை வரை நடந்து, ஓரமாக இருந்த மாடி வீட்டின் கேட்டைத் தட்டினேன். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் அக்கா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"யாரு?"

"பம்ப் ஹவுஸ்ல வேலை பாக்குறேங்கக்கா. எலெக்ட்ரீசியன் ட்ரெய்னிங். பாத்ரூம் கொஞ்சம் போய்க்கலாங்களா?"

அவர் என் காக்கிச் சட்டையையும் காலிலிருந்த ஷூவையும் பார்த்தார். "பொம்பளப் புள்ளைய அங்கிட்டா போட்டுருக்காங்க? கொல்லப்பக்கமா போ. வெளிய தனியா இருக்கு" என்றார்.

அதன்பிறகு தினமும் போனேன். அந்த அக்காவின் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மகன் கறம்பக்குடியில், அக்காவின் அம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மாமியார் இறந்தபின் அந்தப் பெரிய வீட்டில் அக்கா மட்டும்தான். வீட்டைப் பூட்டிப் போட்டால் பாழாகிவிடும் என்று கணவர் சொல்லியிருந்தாராம். மாடியை யாரும் பயன்படுத்தவில்லை. மாடிப்படியில் வெங்காயம் காய்ந்துகொண்டிருக்கும்.

முதல் சில வாரங்கள் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் போவேன், வருவேன். "வாரேங்கக்கா" என்பேன். "ம்" என்பார். ஒரு நாள் அவராகவே, "புள்ள, இந்த வாஷிங் மெஷினத் தொட்டா சுருக்குன்னு பிடிக்குது. என்னான்னு பாரேன்" என்றார்.

டெஸ்டரை வைத்தேன், அதன் விளக்கு எரிந்தது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பியே வீட்டுக்குச் சரியாக இல்லை. வயரிங் செய்தவர் ஒரு கம்பியை மண்ணில் சும்மா செருகிவிட்டுப் போயிருந்தார். குழி தோண்டிப் போட வேண்டும் என்றேன். ஆள் கூப்பிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அக்கா உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

செம்புரைப் பூமி. கடப்பாரை விழுந்தால் நெருப்புப் பறக்கும். இரண்டு பேரும் மாறி மாறிக் குத்தினோம். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வருவேன். நான் இல்லாத நேரத்தில் அவரே கொஞ்சம் தோண்டி வைத்திருப்பார். குழி இடுப்பளவு ஆனதும் எர்த் கம்பி கட்டிய இரும்புக் குழாயை நிறுத்தி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். அக்கா உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே, "ஊறுகா போடுற மாதிரியில்ல இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் டீ தயாராக இருக்கும். அதைக் குடித்து முடிக்கும் வரை பேசுவோம். மகன் கணக்கில் மார்க் குறைந்தது, என் அம்மாவின் முழங்கால் வலி, இப்படி. பத்து நிமிடம்கூட இருக்காது. மீதி நாளெல்லாம் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கோடைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு முற்பகல், மோட்டார் திடீரென்று முனக ஆரம்பித்தது. பழகிய காதுக்கு அந்த மாற்றம் உடனே தெரியும். நான் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு ஓடினேன். பேனலில் மூன்று ஃபேஸுக்கும் உள்ள மூன்று விளக்குகளில் ஒன்று அணைந்திருந்தது. ஸ்டாப் பட்டனை அடித்தேன். அதற்குள் வார்னிஷ் கருகும் நாற்றம் அறை முழுக்கப் பரவிவிட்டது. மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு ரிலே உண்டு. யாரோ எப்போதோ அதைக் கழற்றிவிட்டு வயரை நேராகக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. மாற்று மோட்டார் ஏற்கெனவே ரிப்பேருக்குப் போய், திரும்பி வராமல் இருந்தது.

கடலைக் கொல்லையிலிருந்து வந்த ஆப்பரேட்டர் நாற்றத்தை மோந்து பார்த்துவிட்டு, "நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த பாப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் மாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பொம்பளப் புள்ளைய வச்சா இப்படித்தான். மோட்டார எரிச்சுப்புட்டா." நான் பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே நின்றேன்.

எரிந்த மோட்டாரை அவிழ்த்து வேனில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனார்கள். உள்ளே கருகிய செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி வர வேண்டும். ஒன்றும் ஓடாத பம்ப் ஹவுஸில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். இரைச்சலும் இல்லாமல் போனது இன்னும் மோசமாக இருந்தது. ஊர்களில் மேல்நிலைத் தொட்டிகள் வற்றின. அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் வாசலிலேயே நின்றார்.

"கக்கூஸ்ல ஊத்தத் தண்ணி இல்ல புள்ள. குடிக்கவே இல்ல. என்ன பண்ணச் சொல்ற?"

முகத்தில் கோபம் இருந்ததா, வெறும் களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "சரிங்கக்கா" என்று திரும்பிவிட்டேன். அன்றைக்கு அரிமளம் பஸ் நிலையம் வரை அடக்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது, பம்ப் ஹவுஸ் கேட்டின் முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் பாதையை அடைத்துக் கிடந்தன. ஆப்பரேட்டர் அன்று வரவே இல்லை. எனக்கு வழிவிட்டார்கள், ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஓரமாக அக்காவும் குடத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வயதான ஓர் அம்மா கேட்டார், "நீதான் மோட்டார எரிச்சியாமே?"

"இல்லங்க. ஒரு ஃபேஸ் போயிருச்சு."

"அப்படின்னா?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "மூணு பேரு தூக்குற மூட்டைய ரெண்டு பேரு மட்டும் தூக்குனா என்னாகும்?"

"இடுப்பு போயிரும்."

"அதேதாங்க ஆச்சு."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். சம்ப்பு நெறையத் தண்ணி கெடக்குல்ல. எங்களுக்கு அதுலருந்து ஊத்து."

உண்மைதான். முந்தைய நிலையத்திலிருந்து வந்த தண்ணீர் சம்ப்பில் நிறைந்து நின்றது. ஏற்றி அனுப்பத்தான் வழியில்லை. மூடியைத் திறந்து கயிறு விட்டு இறைக்க விடலாம். ஆனால் அந்த ஆழத்தில் யாராவது தவறி விழுந்தால் உயிர் போய்விடும். சாருக்குப் போன் போட்டேன். சம்ப்பில் தண்ணீர் இருப்பதையும் கேட்டில் பெண்கள் இருப்பதையும் சொன்னேன்.

"அந்தக் கக்கூஸ் ரூம்ல ஒரு சின்ன மோட்டார் கெடக்கும், சம்ப்பு கழுவுறதுக்கு வாங்குனது. ஓடுதான்னு பாரு. லைட்டுக்கு வர்ற சிங்கிள் ஃபேஸ்லயே ஓடும். எர்த் போடாம ஒரு சொட்டு எடுத்துறாதே. மூடியத் தொறந்துபோட்டுட்டு எங்கிட்டும் நகராதே."

"ஆபீஸ்ல கேக்கணுமா சார்?"

"நான் சொல்லிக்கிறேன். நீ தண்ணிய விடு."

பழைய வால்வுகளுக்கு அடியில் அந்த மோட்டார் கிடந்தது. குளவி அதில் மண்கூடு கட்டியிருந்தது. தட்டி எடுத்தேன். அதன் சுழலும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், இறுகியிருந்தது; எண்ணெய் விட்டுச் சுற்றியதும் இளகியது. சம்ப்பு மூடியைத் திறந்து உறிஞ்சும் குழாயை உள்ளே இறக்கினேன். ஈரத் தரை, ஈரக் கை, இத்தனை பெண்கள். எர்த் வயரைப் பேனலிலிருந்து இழுத்து வந்து மோட்டாரில் இரண்டு தடவை முறுக்கினேன். நான் செய்வதை எல்லோரும் கேட் கம்பிகள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்சைப் போடும் முன் அந்த முறுக்கை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். போட்டேன். மோட்டாரில் மாட்டியிருந்த ஓஸ் பைப் நெளிந்தது, இருமியது, பிறகு தண்ணீர் வந்தது.

கேட்டைத் திறந்துவிட்டேன். அந்த வயதான அம்மாவே எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார். மூடிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன், யாரும் நெருங்காமல். கடைசியில் அக்கா வந்தார். குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே, "சாயங்காலம் ரெண்டு கொடம் நீயும் தூக்கிக்கிட்டு வா. தொட்டியில ஊத்திப்புட்டுப் பாத்ரூம் போய்க்க" என்றார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு அது போதுமாயிருந்தது.

மோட்டார் திரும்பி வரும்வரை தினமும் அப்படியே நடந்தது. அந்த நாட்களில் பம்ப் ஹவுஸில் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் பிடித்த பிறகும் சிலர் போகாமல் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். எனக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். கரண்டைத் தொட்டால் பயமில்லையா என்று கேட்டார்கள். ஒருத்தர் என் தலையைப் பார்த்துவிட்டு, "எண்ணெயே காணாத தல" என்று சொல்லித் தன் பையிலிருந்த சீப்பை எடுத்துச் சீவிவிட்டார். இன்னொருவர் கொண்டுவந்த அவித்த கடலையை எல்லோரும் உரித்துத் தின்று, பேனல் அறைப் படியெல்லாம் தோலாகப் போட்டார்கள். மாலையில் அதைக் கூட்டித் தள்ளும்போது எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஒரு பிற்பகலில் வேன் வந்தது. சாரும் இன்னும் இரண்டு ஆட்களும் மோட்டாரை இறக்கிப் பொருத்தினார்கள். கழற்றிப் போட்டிருந்த ரிலேயைச் சார் புதிதாக மாட்டினார். "எப்ப இருந்து இது இப்படி இருக்குன்னு தெரியல. உன் தப்பில்ல" என்றார். ஆப்பரேட்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். மோட்டார் ஓடியது. ஊர்களுக்குத் தண்ணீர் போய்விட்டது என்று போன்கள் வந்தன.

அடுத்த நாள் கேட்டின் முன்னால் யாரும் இல்லை. யாரும் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. மோட்டார் இரைந்தது. "லைன் விட்டாச்சு" என்றார் போனில் அந்த ஆள். "சரிங்க" என்றேன்.

பள்ளி திறக்கும் நேரத்தில் அக்கா ஒரு நாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நான் கறம்பக்குடிக்கே போறேன் புள்ள. அவருகிட்டச் சொல்லிப்புட்டேன். வீடு பாழானா ஆவட்டும், என்னால தனியா இருக்க முடியல."

"எப்பங்கக்கா?"

"இந்த வாரத்துலயே."

பிறகு, பின்பக்கக் கேட்டின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒனக்குப் பயிற்சி முடியிற வரைக்கும் வச்சுக்க. செடிக்கு முடிஞ்சா தண்ணி ஊத்து."

அதற்கப்புறம் இருந்த மாதங்களில் நான் தினமும் அந்தப் பூட்டிய வீட்டின் கொல்லைக்குப் போய் வந்தேன். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவேன். உள்ளே எங்கோ ஒரு கடிகாரம் அரை மணிக்கு ஒரு தடவை அடிக்கும். சில நாள் கொல்லைக்கதவுக்கு வெளியே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து மதியச் சோற்றைச் சாப்பிட்டேன். பம்ப் ஹவுஸில் சாப்பிடுவதற்கும் அங்கே சாப்பிடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே போய்ச் சாப்பிட்டேன்.

பயிற்சி முடிந்தது. வேலை நிரந்தரமாகாது என்று முதலிலேயே தெரியும். சார் கை கொடுத்து, "நல்லா வருவ" என்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுக்கக் கறம்பக்குடிக்குப் போனேன். அக்காவின் அம்மா வீடு சந்தைக்குப் பின்னால். உள்ளே போனபோது கூடம் நிறைய ஆட்கள்: அண்ணன், அண்ணி, அவர்களின் பிள்ளைகள், அக்காவின் மகன், சத்தமாக ஓடிக்கொண்டிருந்த டிவி. அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நம்ம பம்ப் ஹவுஸ் புள்ள" என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். நான் சாப்பிடும்போது அக்கா பரிமாறுவதும், மகனை அதட்டுவதும், அண்ணி கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதுமாக இருந்தார். அவர் இத்தனை சத்தமாகப் பேசுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தனியாகப் பேச ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. என்ன பேசியிருப்பேன் என்றும் தெரியவில்லை. சாவியைக் கொடுத்தேன். வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "இருந்துட்டுப் போயேன்" என்றார். பஸ் போய்விடும் என்றேன்.

இப்போது திருச்சியில் பேனல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். கீரனூரிலிருந்து தினமும் பஸ். என் வரிசையில் இன்னும் பல பெண்கள் இருக்கிறார்கள். டிபன் பாக்ஸ்களைத் திறந்து வைத்து ஒருவர் குழம்பை ஒருவர் எடுத்துக்கொள்வோம். நல்ல பெண்கள். எனக்கு அதிகம் பேச்சு வராது என்று அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அக்கா எப்போதாவது கூப்பிடுவார். போன வாரம் பஸ்ஸில் வரும்போது கூப்பிட்டார். கணவர் ஊருக்கு வந்து திரும்பிப் போய்விட்டாராம். மகன் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டானாம். என் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"வேற?" என்றார்.

"வேற ஒண்ணுமில்லக்கா. நீங்க சொல்லுங்க."

"எனக்கென்ன, இங்க எல்லாம் இருக்காங்க."

அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. என் பக்கம் கண்டக்டர் விசில் கொடுத்தார். போனை வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. நானும் வைக்காமல் காதில் பிடித்தபடி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.